முதலில் நெருப்பு, பிறகு வாயு

எரிவாயு அடுப்பைக் கையால் பற்றவைக்கும்போது, பர்னரின் வாயருகே நெருப்பு முதலில் வந்து நிற்க வேண்டும். வாயுவை அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். வீட்டுச் சமையலறையின் இரட்டை அடுப்பு, பரோட்டாக் கல்லுக்கு அடியில் ஓடும் நீண்ட பர்னர், கண்ணாடிக் கதவு போட்ட கிரில் சிக்கன் பெட்டி, ஷவர்மா இயந்திரம், மொட்டைமாடியில் வைக்கும் புரொப்பேன் கிரில் என எதுவானாலும் விதி இதுதான். வாயுவின் எடை, அது காற்றோடு கலக்கும் விகிதம், அந்தக் கலவையில் சுடர் பரவும் வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்து இந்த வரிசையைத் தீர்மானிக்கின்றன.

சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே, அடையாற்றின் கரையோரம் இருக்கும் பொழிச்சலூரிலும், அதை அடுத்த பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளிலும் பொழுது சாயும் நேரத்தில் சாலையோர அடுப்புகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். இவற்றில் பலவற்றில் தானாகப் பொறி தரும் அமைப்பு இருப்பதில்லை. இருந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறிச் சில மாதங்களில் அது நின்றுவிடும். பிறகு தீக்குச்சியோ லைட்டரோதான். கையால் பற்றவைப்பது ஆபத்தான செயல் அல்ல. வரிசை தவறினால்தான் ஆபத்து.

வரிசை தவறுவதற்குப் பழக்கமும் ஒரு காரணம். விறகடுப்பில் எரிபொருள் முதலில் அடுப்புக்குள் போகிறது, நெருப்பு பிறகு வருகிறது. விறகு தானாக ஆவியாகாது. சூடேறினால் மட்டுமே அதிலிருந்து எரியும் வாயுக்கள் வெளிவரும். அதனால் தீப்பெட்டியைத் தேடி ஐந்து நிமிடம் போனாலும் கேடில்லை. மண்ணெண்ணெய்த் திரி அடுப்பும் ஏறக்குறைய அப்படியே. சிலிண்டரில் வருவது வெளியே வந்த கணத்திலேயே எரியத் தயாராக இருக்கும் வாயு. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முதல் இண்டேன் இணைப்பு 1965இல் கொல்கத்தாவில் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2007இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டம், விறகிலும் மண்ணெண்ணெயிலும் சமைத்துவந்த பல குடும்பங்களுக்கு முதல் சிலிண்டரைக் கொண்டுவந்தது. விறகுக்குப் பழகிய கைகள் வாயுவுக்கு வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

சிலிண்டருக்குள் இருப்பது

சமையல் எரிவாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவை. 1910இல் அமெரிக்க வேதியியலாளர் வால்ட்டர் ஸ்னெல்லிங், பெட்ரோலிலிருந்து வீணாக ஆவியாகிப் போகும் பகுதி எது என்று ஆராய்ந்தபோது இந்த வாயுக்களைப் பிரித்தெடுத்தார். புரொப்பேன் கழித்தல் 42 டிகிரி செல்சியஸிலும், பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்ய டிகிரியிலும் கொதிக்கும். சென்னையின் வெப்பத்தில் இரண்டுமே வாயுவாகத்தான் இருக்க முடியும். அழுத்திவைப்பதால் சிலிண்டருக்குள் திரவமாக அடங்கிக் கிடக்கின்றன. மேலைநாடுகளின் கிரில்களில் பெரும்பாலும் புரொப்பேன் தனியாக எரிகிறது. குளிர்காலத்தில் பியூட்டேன் ஆவியாகாமல் தங்கிவிடும் என்பதே காரணம். தமிழ்நாட்டில் அந்தச் சிக்கல் இல்லாததால் கலவையே போதும்.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோவும், கடைகளுக்கான பெரிய சிலிண்டரில் 19 கிலோவும் இருக்கும். திரவத்துக்கு மேலே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடம் ஆவிக்காக விடப்படுகிறது. வால்வு இருப்பது மேலே என்பதால் வெளியே வருவது ஆவி மட்டுமே. சிலிண்டரைப் படுக்கவைத்தால் திரவமே குழாய்க்குள் புகும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால், பர்னரில் சுடர் திடீரெனப் பல மடங்கு உயரும். வாயு தீரும் தறுவாயில் சிலிண்டரைச் சாய்த்துவைப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும், குலுக்குவதும் விடவேண்டிய பழக்கங்கள்.

பெரிய பர்னர்கள் எரியும்போது சிலிண்டரின் வெளிப்புறம் சில்லிட்டு நீர் கோத்துக்கொள்ளும். திரவம் ஆவியாவதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் உலோகச் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்வதால் இது நேர்கிறது. சென்னையின் ஈரக்காற்றில் இந்த வியர்வை நன்றாகத் தெரியும். அது எந்த உயரம்வரை படிந்திருக்கிறதோ, ஏறக்குறைய அந்த மட்டம்வரை திரவம் இருக்கிறது. எவ்வளவு மீதி என்று அறிய இதுவே போதும்.

வெயில் நாளில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோவாக இருக்கும். வீட்டு ரெகுலேட்டர் அதைச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிராமாகக் குறைத்துத் தருகிறது. அதாவது நூறு மடங்குக்கும் மேலான குறைப்பு. கடைகளில் பயன்படும் ஹைபிரஷர் ரெகுலேட்டர் அவ்வளவு குறைப்பதில்லை. ஒரே அளவுத் துளையின் வழியே அதிக அழுத்தத்தில் அதிக வாயு பாயும். எனவே வீட்டு அடுப்பில் ஒரு நொடி தாமதிப்பதும் கடை அடுப்பில் ஒரு நொடி தாமதிப்பதும் ஒன்றல்ல. வீட்டு அடுப்பை ஹைபிரஷர் ரெகுலேட்டரில் இணைப்பது எந்நாளும் கூடாது.

கனமான வாயு, குறுகிய வரம்பு

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பியூட்டேன் இரண்டு மடங்கு. கசியும் வாயு மேலே போகாமல் தண்ணீரைப் போலத் தாழ்வைத் தேடி நகரும். மேடையிலிருந்து தரைக்கு இறங்கும், கதவிடுக்கின் அடியில் நுழையும், வாசலில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் சாலையோர வடிகாலுக்குள்ளும் தேங்கும். மேலே உள்ள சன்னலை மட்டும் திறந்துவைத்தால் போதாது என்பதற்கும், சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே எங்கும் வைக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். கடலிலிருந்து வீசும் மாலைக்காற்றுக்கு மறைப்பாகத் தள்ளுவண்டியைச் சுற்றித் தகரம் அடிப்பவர்கள், தகரத்தின் அடிப்பகுதியில் இடைவெளி விட வேண்டும். நான்கு பக்கமும் தரைவரை அடைத்தால் கசியும் வாயு அதற்குள்ளேயே நிற்கும்.

காற்றில் எவ்வளவு வாயு கலந்தால் எரியும் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. புரொப்பேன் 100 பங்கில் 2.1 முதல் 9.5 பங்குவரையும், பியூட்டேன் ஏறக்குறைய 1.8 முதல் 8.4 பங்குவரையும் இருந்தால்தான் கலவை தீப்பற்றும். அதற்குக் குறைந்தால் எரிய வாயு போதாது. கூடினால் காற்று போதாது. கீழ்வரம்பு மிகச் சிறியது என்பதே கவனிக்க வேண்டியது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் 2 சதவீதம் என்றால் 570 லிட்டருக்கும் சற்றுக் குறைவு. எடையில் அது ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. நிறைந்த வீட்டுச் சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாயு அறை முழுவதும் சமமாகப் பரவாமல் தரையோரம் கிடப்பதால், இதைவிடக் குறைந்த கசிவே தரைமட்டத்தில் ஆபத்தான கலவையை உண்டாக்கிவிடும்.

தாமதத்தின் கணக்கு

ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோ வாயு எரிக்கும் கடை பர்னர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 450 லிட்டர் வாயு. அந்தக் குமிழைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுவதில் 20 நொடி போனால், சுமார் இரண்டரை லிட்டர் வாயு வெளியேறியிருக்கும். அது காற்றோடு 2 சதவீதமாகக் கலந்தால் 120 லிட்டருக்கும் மேற்பட்ட எரியும் கலவை ஆகிறது. ஒரு கிரில் பெட்டியின் உட்புறத்தை நிரப்ப அது போதும். அதே பர்னரில் குச்சி முன்பே எரிந்துகொண்டிருந்தால், முதலில் வரும் வாயு அங்கேயே எரிந்து தீர்ந்துவிடும். சேர்வதற்கு எதுவும் இருக்காது.

சேர்ந்த கலவையில் தீ பட்டால் என்ன ஆகும்? அசையாத கலவைக்குள் புரொப்பேன் சுடர் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் முன்னேறும். ஆனால் எரிந்த வாயு உடனே ஏறத்தாழ 2000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி ஏழெட்டு மடங்காக விரிவதால், அது சுடரையும் எரியாத கலவையையும் முன்னே தள்ளிக்கொண்டு போகும். பார்ப்பவர் கண்ணுக்கு அந்தத் தீ நொடிக்குப் பல மீட்டர் பாயும். பெட்டி முழுவதும் ஒரு நொடிக்குள் எரிந்து முடிந்துவிடும். விரிந்த வாயு திறந்திருக்கும் பக்கமாக வெளியே பாயும். குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்பவரின் முகமும், குச்சியை நீட்டிய கையும்தான் அந்தப் பக்கத்தில் இருக்கும். மூடியோ கதவோ சாத்தியிருந்தால் விரிவுக்கு வழியின்றி அழுத்தம் ஏறி, கண்ணாடி சிதறும். பற்றவைக்கும்போது மூடியையும் கதவையும் முழுவதும் திறந்துவைக்க வேண்டும் என்ற விதி இதிலிருந்தே வருகிறது.

தீக்குச்சியும் லைட்டரும்

வாயுக் கலவையைப் பற்றவைக்க மிகச் சிறிய பொறி போதும்: ஏறக்குறைய கால் மில்லிஜூல் ஆற்றல். மின்விசிறியின் சுவிட்சைப் போடும்போது உள்ளே தோன்றும் பொறிகூட அதைவிட வலுவானதாக இருக்கலாம். எனவே எந்தக் கருவி என்பதைவிட, அதன் நெருப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே முக்கியம்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டிகளில் இருப்பது பாதுகாப்புத் தீக்குச்சி. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸும் தனித்தனியே இருப்பதால், உரசும் இடத்தில் மட்டுமே இரண்டும் சந்தித்துத் தீ பிறக்கும். குச்சியின் சுடர் சில நொடிகள் தொடர்ந்து நிற்கும். அதனால் "நெருப்பு முதலில்" என்ற வரிசைக்கு அது மிகவும் பொருத்தமானது. குறை என்னவென்றால் குச்சி குட்டை. விரல்கள் பர்னருக்கு மிக அருகில் போகும், காற்றில் அணைந்தும் போகும். கிரில் போன்ற ஆழமான அடுப்புகளுக்குக் குச்சியை நுனியில் செருகும் நீளக் கம்பியோ, நீண்ட கழுத்துள்ள சுடர் லைட்டரோ தேவை. காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி நீட்டுவது நல்லதல்ல. எரியும் கரித்துண்டுகள் காற்றில் பறக்கும். கைப்பக்கமாகத் தீ எவ்வளவு வேகத்தில் ஏறும் என்றும் சொல்ல முடியாது.

சமையலறையில் பயன்படும் அழுத்து லைட்டர் வேறு வகை. 1880இல் பாரிஸில் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டறிந்தார்கள். லைட்டருக்குள் ஒரு சுருள்வில் சிறு சுத்தியலை விடுவித்து, அந்தப் பண்புள்ள பீங்கான் துண்டின் மீது அடிக்கிறது. பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஒரு கணம் தோன்றி நுனியில் பொறியாகத் தாவுகிறது. இந்தப் பொறி நிற்காது; ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒன்றுதான். ஆகவே லைட்டரின் நுனி பர்னர் துளைகளின் ஓரத்தில் இருக்க, குமிழைத் திறப்பதும் லைட்டரை அழுத்துவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இரண்டு மூன்று முறை அழுத்தியும் பற்றாவிட்டால் குமிழை மூடிவிட வேண்டும். "டிக், டிக்" என்று அழுத்திக்கொண்டே இருக்க, வாயு சேர்ந்துகொண்டே போகும்; கடைசியில் வேலைசெய்யும் ஒரு பொறி அத்தனையையும் ஒன்றாகப் பற்றவைக்கும்.

பர்னருக்குள் நடப்பது

1855இல் ஹைடல்பெர்க்கில் ராபர்ட் புன்சன் தன் ஆய்வகத்துக்காக அமைத்த பர்னரின் தத்துவமே இன்றைய எல்லா எரிவாயு அடுப்புகளிலும் இருக்கிறது. ஊசித்துளை போன்ற ஜெட் வழியாக வாயு வேகமாகப் பாய்கிறது. பாயும்போது பக்கத்துத் திறப்பின் வழியே காற்றையும் இழுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரு குழாய்க்குள் கலந்து, பர்னரின் துளைகளை அடைந்து எரிகின்றன. ஒரு லிட்டர் வாயு முழுதாக எரிய, அது புரொப்பேனாக இருந்தால் சுமார் 24 லிட்டர் காற்றும் பியூட்டேனாக இருந்தால் 31 லிட்டர் காற்றும் வேண்டும். ஒரு பகுதி குழாய்க்குள்ளும் மீதி சுடரைச் சுற்றியும் கிடைக்கிறது.

எரியும் கலவை குழாய்க்குள்ளேயே இருக்கும்போது, சுடர் ஏன் துளை வழியே உள்ளே புகுவதில்லை? 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பாதுகாப்பு விளக்கை அமைத்தபோது இதற்கு விடை கண்டார். குறுகிய துளையின் உலோகச் சுவர் சுடரின் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால் சுடர் அதைத் தாண்ட முடியாது. புரொப்பேன் கலவைக்கு இந்த எல்லை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். கலவை வெளியே பாயும் வேகமும் சுடரைத் தள்ளிப் பிடிக்கிறது. பாய்வு குறைந்தாலோ, துளை அரித்து அகன்றுவிட்டாலோ சுடர் உள்ளே இறங்கி ஜெட்டின் வாயில் எரியும். "உர்" என்ற உறுமலும், குமிழின் பக்கம் ஏறும் சூடும் அதைக் காட்டிக்கொடுக்கும். அப்போது உடனே குமிழை மூடி, பர்னர் ஆறிய பிறகே மறுபடி பற்றவைக்க வேண்டும்.

கிரில் சிக்கன் பெட்டியிலும் ஷவர்மா இயந்திரத்திலும் செங்குத்தாக நிற்பவை பீங்கான் தட்டு பர்னர்கள். ஜெர்மனியில் குந்தர் ஷ்வாங்க் 1930களில் உருவாக்கிய வகை இது. தட்டில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கும். கலவை அவற்றின் வெளிமுகப்பில் எரிந்து, தட்டையே செந்தணலாக்குகிறது. இறைச்சியை வேகவைப்பது அந்தத் தணலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர். தட்டில் விரிசல் விழுந்தால் அந்த இடம் 2 மில்லிமீட்டர் எல்லையைத் தாண்டிவிடும். சுடர் அதன் வழியே பின்னால் புகும். விரிசல் கண்ட தட்டை மாற்றாமல் பற்றவைக்கக்கூடாது. சூடான தட்டில் தண்ணீர் தெளிப்பதும், எண்ணெய்க் கறையை ஈரத்துணியால் துடைப்பதும் விரிசலுக்கு வழிவகுக்கும்.

பற்றவைப்பதற்கு முன்

சிலிண்டர் நிமிர்ந்து, சமதரையில், அடுப்பின் வெப்பம் படாத தூரத்தில் நிற்க வேண்டும். அடுப்பு எப்போதும் சிலிண்டரின் வால்வைவிட உயரமாக இருக்க வேண்டும். எல்லாக் குமிழ்களும் மூடியிருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முந்தைய நாள் காற்றில் அணைந்த பர்னரின் குமிழ் திறந்தே கிடக்கக்கூடும். வீட்டு இணைப்பில் பயன்படும் ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைகளில் வெயிலும் எண்ணெயும் படும் டியூப் அதற்கு முன்பே வெடிப்பு விடலாம். வளைத்துப் பார்த்தால் மேற்பரப்பில் கீறல்கள் தெரியும். எலி கடித்த தடத்தையும் பார்க்க வேண்டும்.

கசிவைச் சோதிக்கச் சோப்புத் தண்ணீரே கருவி. வால்வின் மூடியை எடுத்ததும், ரெகுலேட்டரைப் பொருத்துவதற்கு முன், வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொருத்திய பின் இணைப்புகளிலும் டியூபின் இரு முனைகளிலும் சோப்பு நுரையைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி வளரும். தீக்குச்சியைக் காட்டிக் கசிவைத் தேடுவது விபத்தைத் தேடுவதே.

பல நாள் மூடிக்கிடந்த கிரிலில், காற்று நுழையும் திறப்பையும் கலவைக் குழாயையும் பார்ப்பது அவசியம். குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். சிலந்தி வலை பின்னியிருக்கலாம். அடைத்த குழாயில் வாயு முன்னே போக வழியில்லாமல், காற்று நுழைய வேண்டிய திறப்பின் வழியே வெளியேறும். பற்றவைக்கும்போது பர்னரில் எரியாமல் குமிழின் அடியில் எரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பர்னரிலிருந்து தண்ணீரை முழுவதும் வடிக்க வேண்டும்.

உடையும் கணக்கில் சேரும். நைலான், பாலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி எரிந்தாலும் அப்படி ஒட்டாது. முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகி, கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும்.

பற்றவைக்கும் முறை

முதலில் கிரிலின் மூடியை அல்லது பெட்டியின் கதவை முழுவதும் திறக்க வேண்டும். அடுத்து சிலிண்டரின் வால்வை அல்லது ரெகுலேட்டரின் திருகியை மெதுவாகத் திறந்து, சில நொடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும். குமிழ்கள் மூடியிருக்க எங்காவது "புஸ்" என்று ஓசை வந்தாலோ வாடை வந்தாலோ அங்கேயே நிறுத்த வேண்டும்.

பற்றவைப்பவர் பர்னருக்கு நேர்மேலே குனியாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். காற்று முகத்துக்கு எதிரே வீசாத பக்கமாகப் பார்த்து நிற்பது நல்லது. பிறகு குச்சியைக் கொளுத்தி, சுடர் நிலையாக நின்றதும், அதைப் பர்னரின் ஓரத் துளைகளுக்கு அருகே கொண்டுபோக வேண்டும். நெருப்பு அங்கே நின்றபிறகு, மறுகையால் அந்த ஒரு பர்னரின் குமிழை மட்டும் மெல்லத் திறக்க வேண்டும். "பப்" என்ற சிறு ஓசையோடு சுடர் பிடிக்கும். கையை உடனே விலக்கி, குச்சியை அணைத்துத் தண்ணீரிலோ மணலிலோ போட வேண்டும்.

நீண்ட பர்னரில் ஒரு முனையில் பிடித்த சுடர், துளை துளையாகத் தாவி மறுமுனைக்குப் போக வேண்டும். நடுவில் சில துளைகள் அடைத்திருந்தால் சுடர் அங்கே நின்றுவிடும். அதற்கு அப்பாலுள்ள துளைகளிலிருந்து எரியாத வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் கடைசித் துளைவரை எரிகிறதா என்று பார்த்த பின்பே கல்லையோ கம்பியையோ மேலே வைக்க வேண்டும். பல பர்னர்கள் இருந்தால் ஒன்று முழுதாகப் பிடித்த பிறகுதான் அடுத்தது.

சுடர் அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் வெப்பமின் இரட்டை சில கிரில்களில் உண்டு. இரு வேறு உலோகங்கள் சேரும் முனையைச் சூடாக்கினால் மின்சாரம் தோன்றும் என்று 1821இல் தாமஸ் ஸீபெக் கண்ட விளைவே அதன் அடிப்படை. சுடரில் இருக்கும் முனை சூடாக இருக்கும்வரை, அந்தச் சிறு மின்சாரம் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். இப்படிப்பட்ட கருவியில் சுடர் பிடித்த பிறகும் குமிழைச் சில நொடிகள் அழுத்தியே வைத்திருக்க வேண்டும். முனை சூடேறும் முன் விட்டால் அணைந்துவிடும். அது தொல்லையாக இருக்கிறது என்று முனையைக் கழற்றிவிடுவதோ, வால்வு எப்போதும் திறந்திருக்கும்படி கட்டிவைப்பதோ பெரும் தவறு.

பற்றாவிட்டால்

ஐந்து நொடிக்குள் பற்றவில்லை என்றால் குமிழை மூடிவிட வேண்டும். திறந்தவெளி அடுப்பானாலும் ஓரிரு நிமிடம் விட வேண்டும். பெட்டி போன்ற கிரிலில் மூடியும் கதவும் திறந்திருக்க ஐந்து நிமிடம் காத்திருப்பது நலம். கனமான வாயு அடித்தட்டில் தங்கும், தானாக மேலெழுந்து போகாது. அந்த இடைவெளியில் அருகே வேறு குச்சி கொளுத்தக்கூடாது. எரிந்துகொண்டிருந்த பர்னர் காற்றில் அணைந்தாலும் இதே முறைதான். சூடு இருக்கிறதே என்று உடனே குச்சியை நீட்டுவதால் நேரும் தீக்காயங்களைத் தவிர்க்க, முதலில் குமிழை மூடுவது ஒன்றே வழி.

சுடர் சொல்வது

நீலமாக, கூர்மையான உள்முனையோடு, துளையை ஒட்டி அமைதியாக எரியும் சுடரே சரியானது. மஞ்சள் கலந்து, பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால் காற்று போதவில்லை என்று பொருள். மஞ்சள் நிறம், எரியாத கார்பன் துகள்கள் ஒளிர்வதால் வருவது. அப்படி எரியும் அடுப்பு நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடையும் வெளியிடும். மூடிய அறையிலோ, அடுக்குமாடியின் கண்ணாடி அடைத்த பால்கனியிலோ கிரிலை எரிக்கக்கூடாது என்பதற்கு இது முதன்மையான காரணம். சுடர் துளையைவிட்டு எழும்பிச் சீறினால் அழுத்தமோ காற்றோ மிகுதி. இந்த இரண்டு நிலைகளிலும் ஜெட்டையும் காற்றுத் திறப்பையும் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும். குண்டூசியால் ஜெட்டைக் குடைந்தால் துளை பெரிதாகி, வாயு அளவுக்கு மீறிப் பாயும்.

அணைத்தல்

வேலை முடிந்ததும் சிலிண்டர் பக்கத்தை முதலில் மூட வேண்டும். டியூபில் மிஞ்சிய வாயு எரிந்து சுடர் தானாக அணைந்த பிறகு குமிழ்களை மூட வேண்டும். இதனால் இரவு முழுவதும் டியூபில் வாயு தங்குவதில்லை. வெடித்த டியூபிலிருந்து கசியவும் எதுவும் இருப்பதில்லை. காலியான சிலிண்டரின் வால்வுக்கும் மூடி போட வேண்டும். காலி எனப்படும் சிலிண்டரிலும் ஆவி மிச்சம் இருக்கும்.

கசிந்தால், தீப்பிடித்தால்

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில், மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து தேங்கி வெடித்ததில் ஏறக்குறைய 300 மாணவர்களும் ஆசிரியர்களும் இறந்தார்கள். அதன் பிறகே எரிவாயுவில் மணமூட்டுவது சட்டமாயிற்று. எதைல் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம் கலப்பதால்தான் அழுகிய முட்டைக்கோசு போன்ற அந்த வாடை வருகிறது. எரியும் கீழ்வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் கலந்தாலே மூக்கு அறியும்படி அதன் அளவு அமைக்கப்பட்டிருக்கிறது. வாடை தெரிந்தது என்றால் செயல்பட இன்னும் நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தில் சிலிண்டரை மூடி, கதவுகளையும் சன்னல்களையும் திறக்க வேண்டும். எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. எரியும் சாமி விளக்கையும் ஊதுவத்தியையும் அணைத்துவிட்டு வெளியேற வேண்டும். வாசலில் திறந்த தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் அருகிலும் தீப்பெட்டி கூடாது. பாதுகாப்பான தூரத்துக்குப் போன பிறகு 1906 என்ற எரிவாயுக் கசிவு உதவி எண்ணை அழைக்கலாம். நாடெங்கும் இதே எண்தான்.

டியூபிலோ ரெகுலேட்டரிலோ தீப்பிடித்தால், வால்வை எட்டி மூட முடியும் என்றால் மூடுவதே தீயை அணைக்கும் வழி. மூட முடியாத நிலையில் சுடரை மட்டும் அணைத்தால், எரியாத வாயு தொடர்ந்து பரவி இன்னொரு பொறிக்குக் காத்திருக்கும். அது எரியும் சுடரைவிட ஆபத்தானது. அப்போது எல்லோரையும் விலக்கிவிட்டு, 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். கடைகளில் உலர் இரசாயனப் பொடித் தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில், சிலிண்டருக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும்.

தீக்காயத்துக்கு முதல் மருந்து குழாய்த் தண்ணீர். காயம்பட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். வெப்பம் தோலின் ஆழத்துக்கு இறங்குவதை அது தடுக்கும். மை, பற்பசை, மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது. மோதிரம், வளையல் போன்றவற்றை வீங்குவதற்கு முன் கழற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக்கூடாது. முகம், கண், கை, மூட்டு ஆகியவற்றில் பட்ட காயமும், தீப்புகையை உள்ளிழுத்ததும் சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குரியவை. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. தண்ணீரில் குளிரவைத்த பிறகு, சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி அங்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டுசெல்ல வேண்டும்.